சத்தம் முந்தி, படம் பிந்தி

மேட்ச் நாளில் நோரீன் டெம்ப்சியின் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். மைதானத்திலிருந்து சத்தம் வந்துவிட்டால், டிவியில் அந்தக் கோல் விழுகிற வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முகத்தில்கூடக் காட்டிக்கொள்ளக் கூடாது. டீ வேண்டுமா என்று யாராவது கேட்டுத் தொலைத்திருந்தால் தலையை ஆட்டலாம், அவ்வளவுதான் சலுகை. மீறினால் அன்றைய பாத்திரம் முழுக்க மீறியவர் தலையில். ஆட்டுக்கறிக் குழம்பு அடிப்பிடித்த பானையும் அதில் சேர்த்தி.

இந்தச் சட்டத்துக்குக் காரணம் இருந்தது. ஹோல்கம் கட்டடத்தின் ஆறாவது மாடிக்கும் மைதானத்துக்கும் நடுவில் ஒரு சாலையும் ஒரு கோழி வறுவல் கடையும்தான். அங்கே பந்து வலைக்குள் போனதும் கிளம்புகிற இரைச்சல் நோரீனின் ஜன்னலை அதிர வைத்துவிடும். டிவிக்காரனோ அப்போதுதான் பந்தை நடு மைதானத்தில் உருட்டிக்கொண்டிருப்பான். படம் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்து சேர அத்தனை நேரம். அந்த இடைவெளியில் "கோல்!" என்று கத்தி எல்லோருடைய சந்தோஷத்தையும் கெடுக்கிற பழக்கம் நோரீனின் கணவன் டெஸ்ஸிக்கு இருந்தது. அவனுக்காகப் போட்ட சட்டம். டெஸ்ஸி செத்துப் பல வருஷம் ஆகியும் சட்டம் சாகவில்லை.

நோரீன் அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து பத்தொன்பது வயதில் வட லண்டனுக்கு வந்தவள். ஒரு கோடைக்கு வேலை பார்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள். கட்டட வேலைக்கு வந்த டெஸ்ஸியைப் பார்த்தாள், கோடை முடியவேயில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷத்துக்கு மேல் உருளைக்கிழங்கு மசித்தாள். இந்த வட்டாரத்தில் முப்பது வயதுக்காரர் யாரைப் பிடித்துக் கேட்டாலும் "காய் சாப்பிடாம எழுந்திருக்க விடாத டெம்ப்சி" என்று சொல்வார்கள். அவளுடைய ஒரே மகன் ஆஸ்திரேலியாவில் குழாய் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான், பெரும்பாலும்.

அவன் இருந்த அறை சும்மா கிடக்கவில்லை. எதிர் வீட்டு எஃபுவா ஆஸ்பத்திரி நர்ஸ், கானாக்காரி. வாரத்தில் பாதி ராத்திரி டூட்டி. இரட்டைப் பெண்கள் அவளுக்கு, பான்யின் என்றும் கக்ரா என்றும் பெயர். மூத்தவள், இளையவள் என்று அர்த்தம். அவர்களுடைய அப்பா ஹாலந்தில் வேலை தேடப் போனவர், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். எஃபுவாவுக்கு ராத்திரி வேலை என்றால் பிள்ளைகள் நோரீன் வீட்டு அடுக்குக் கட்டிலில் படுப்பார்கள். காலையில் எஃபுவா வந்து கதவைத் தட்டும்போது இருவரும் சீருடை போட்டு, கஞ்சி குடித்து, தலை பின்னாமல் நிற்பார்கள். அந்தத் தலைமுடி நோரீனுக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. மற்றபடி இந்த ஏற்பாடு பிள்ளைகள் தவழ்ந்த காலத்திலிருந்து நடக்கிறது. யாரும் யாரையும் இதற்குக் கேட்டதும் இல்லை, சொன்னதும் இல்லை.

மூன்றாவது கதவு கார்ல்டனுடையது. ஜமைக்காவில் பிறந்து லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். முட்டி போய்விட்டது, வாய் மட்டும் போகவில்லை. மேட்ச் நாளில் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு நோரீன் வீட்டுக்கு வருவார். மூன்று கதவும் அன்று திறந்தே கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் டெஸ்ஸியின் பழைய பூட்ஸ் ஒன்று முட்டுக்கொடுத்திருக்கும்.

இப்படியிருக்கையில்தான் மைதானத்தைச் சுற்றியுள்ள கட்டடங்களை இடித்துப் புதுசாகக் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. கிளப்புக்குப் பெரிய மைதானம் வந்துவிட்டது, ரயில் நிலையத்திலிருந்து அதற்கு அகலமான நடைபாதை வேண்டுமாம். அந்த நடைபாதை போகிற வழியில் ஹோல்கம் கட்டடம் நின்றது. கட்டடம் கவுன்சிலுடையது, அதாவது உள்ளூர் நகராட்சியுடையது. வாடகைக்காரர்கள் எல்லோருக்கும் புது வீடு என்று வாக்குறுதி கொடுத்து ஓட்டுக்கு விட்டார்கள். நோரீன் முதலில் வேண்டாம் என்றுதான் திட்டிக்கொண்டிருந்தாள். பிறகு எஃபுவா வீட்டுப் படுக்கையறைச் சுவரில் பூஞ்சை கறுப்பாக ஏறி, பான்யினுக்கு மூச்சிரைப்பு வந்து, கையில் எப்போதும் இன்ஹேலர் என்று ஆனதும் சரி என்று ஓட்டுப் போட்டாள். லிஃப்ட் வேறு மாதத்தில் பாதி நாள் வேலை செய்யாது. இடிக்க வேண்டிய கட்டடத்தை இடித்துத்தான் ஆகவேண்டும், அதில் அவளுக்கு வருத்தம் இல்லை.

பகலில் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள் என்று கவுன்சில் ஆட்கள் சாயங்காலம் வீடு வீடாகப் போய் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று எழுதினார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை மேட்ச் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தெருவெல்லாம் கழுத்துத்துணி கட்டிய கூட்டம் போகிறதே, என்ன விசேஷம் என்றாவது கேட்டிருக்கலாம்.

நோரீன் வீட்டுக்கு வந்தவன் ரீஸ். வேல்ஸ்காரப் பையன், ரக்பியில் ஊறியவன், கால்பந்து என்றால் காதிலேயே ஏறாது. திறந்த கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான். கார்ல்டன் கால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரட்டைப் பிள்ளைகள் இரவு உடுப்பில் தரையில். எஃபுவா டூட்டிக்குக் கிளம்புமுன் ஒரு தட்டு குழம்போடு சோபாவில். அடுக்குக் கட்டில் வேறு அந்த அறையிலிருந்து தெரிகிறது. ரீஸ் தன் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, "இவங்க எல்லாரும் இந்த வீட்டுலதான் இருக்காங்களா?" என்று கேட்டான்.

அந்த நொடி பார்த்துத்தான் மைதானத்தில் இரைச்சல் எழும்பியது.

எல்லோரும் சிலையானார்கள். டிவியில் எதிரணிக்காரன் பந்தை வெளியே எறிந்துகொண்டிருந்தான். ரீஸ் மறுபடி கேட்டான். பதில் சொல்லாவிட்டால் இவன் கேட்டுக்கொண்டே இருப்பான் போலிருக்கிறதே என்று நோரீன் அவனைப் பாராமலேயே தலையை ஆட்டினாள். கார்ல்டனும் ஆட்டினார். பிள்ளைகள் பலமாக ஆட்டினார்கள். எஃபுவா மட்டும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ரீஸ் எழுதிக்கொண்டான், நன்றி சொன்னான், போய்விட்டான். அவன் மாடிப்படி இறங்கும்போது மேலே ஆறாவது மாடியே அலறியது. அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

அடுத்த மாதம் அவரவருக்கு ஒதுக்கிய வீடு எது என்ற செய்தி வந்தது. நோரீனுக்கு நான்கு படுக்கையறை வீடு, தோட்டத்தோடு, ஊரின் மறு கோடியில். எஃபுவாவுக்கு ஒற்றை ஆளுக்கான ஒரு படுக்கையறை ஃப்ளாட், அதற்கு நேரெதிர் திசையில். கார்ல்டனுக்கு ஒன்றுமே இல்லை, அவர் நோரீனின் குடும்பத்தில் சேர்ந்துவிட்டாராம்.

கார்ல்டன் விழுந்து விழுந்து சிரித்தார். "இத்தனை வருஷம் ஒத்தையா இருந்துட்டு, கேக்காமயே கல்யாணம் பண்ணி வச்சிட்டாங்களே, நோரீன். மோதிரம் எங்க?"

"வாய மூடுய்யா," என்றாள் நோரீன்.

அவள் எஃபுவாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எஃபுவா சிரிக்கவில்லை. டூட்டி முடிந்து வந்த களைப்போடு கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"ஆன்ட்டி, என் பிள்ளைங்கள உங்க வீட்டு ஆளுங்கன்னு எழுதிட்டாங்க," என்றாள். "நான் தனி ஆளாம். அங்க போனா ராத்திரி இவங்க எங்க படுப்பாங்க? நான் எப்படி வேலைக்குப் போவேன்?"

நோரீனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு கோலுக்காக ஆட்டிய தலை. எஃபுவாவின் முகத்தை நேருக்கு நேர் பார்க்க அவளால் முடியவில்லை, நான் போய்ச் சரிபண்ணிவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். எஃபுவா சரி என்று கதவைச் சாத்திக்கொண்டாள். தன் முகத்துக்கு நேராக அவள் கதவைச் சாத்தியது நோரீனுக்குத் தாங்கவில்லை.

ஆனாலும் அந்தத் தோட்டத்து வீட்டைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. உண்மையைச் சொன்னால் என்ன, அவளுக்கும் ஆசை இருக்காதா? கார்ல்டனைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். சிவப்புச் செங்கல் வீடு, பின்பக்கம் ஓர் ஆப்பிள் மரம், துணி காயப்போட நீளமான கொடி. நோரீன் அந்தக் கொடியைக் கையால் இழுத்துப் பார்த்தாள். முப்பது வருஷமாகக் குளியல் தொட்டிக்கு மேலேயே துணி காயப்போட்டவள் அவள். கார்ல்டன் மண்ணைக் கிளறிப் பார்த்து, இங்கே உருளைக்கிழங்கு நன்றாக வரும் என்றார். எழுதினது எழுதினதாகவே இருக்கட்டும், எஃபுவாவையும் கூட்டிக்கொண்டு எல்லோருமாக வந்துவிடலாமே என்றும் சொன்னார். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

நோரீன் யோசிக்கத்தான் செய்தாள். ஆனால் எஃபுவாவின் ஆஸ்பத்திரிக்கு இங்கிருந்து ராத்திரி பஸ் கிடையாது. பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அங்கேதான். அதுவுமில்லாமல், யாரோ ஒரு பையன் தப்பாக எழுதியதால் எஃபுவா தன் பிள்ளைகளோடு இன்னொருத்தி வீட்டில் குடித்தனக்காரியாக வாழ வேண்டுமா? திரும்பி வரும் பஸ்ஸில் கார்ல்டன் அந்த டிரைவர் பிரேக் போடுகிற லட்சணத்தைக் குறைசொல்லிக்கொண்டே வந்தார்.

மறுநாள் மைதானத்துக்குப் பக்கத்தில் கவுன்சில் திறந்துவைத்திருந்த அலுவலகத்துக்குப் போனாள். முன்பு சூதாட்டக் கடையாக இருந்த இடம். ரீஸ்தான் இருந்தான்.

"நான் கேட்டேன் மிஸஸ் டெம்ப்சி. நீங்க ஆமான்னு தலையாட்டினீங்க," என்றான்.

"கோல் விழுந்துச்சு தம்பி."

"என்னது?"

நோரீன் சட்டத்தை விளக்கினாள். அவன் கேட்கக் கேட்க, இந்த அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பது அவன் முகத்தில் தெரிந்தது. கடைசியில், பெயர்களைத் திருத்தலாம், ஆனால் புது வீட்டுத் திட்டத்தில் குடும்பங்களுக்கு ஒரு கட்டடம், ஒற்றை ஆட்களுக்கு வேறு கட்டடம், அந்தக் குடும்பக் கட்டடம் அநேகமாக நிரம்பிவிட்டது என்றான். எஃபுவாவுக்கு இரண்டு படுக்கையறை தேடிப் பார்க்கலாமாம். நோரீனுக்கு ஒரு அறைதான் கிடைக்குமாம். இரண்டும் வெவ்வேறு பக்கம். பக்கத்து வீட்டுக்காரர் என்பதற்கு எந்த விதியிலும் இடமில்லை என்று வருத்தப்பட்டுத்தான் சொன்னான்.

"எனக்கு ஒரு ரூம் போதும். தோட்டமும் வேணாம், ஆப்பிளும் வேணாம்," என்றாள் நோரீன். "என் கதவத் திறந்தா எஃபுவா கதவு தெரியணும். அவ்வளவுதான் நான் கேக்குறது."

"பக்கத்து வீட்டு நட்புன்னு நான் எழுதினா மேல படிக்கக்கூட மாட்டாங்க."

"நட்பா? நீ என்ன கண்டுட்ட? ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கு. வந்து உக்காரு. அப்புறம் எழுது."

வரமாட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வந்தான். கையில் ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடு, ஞாயிற்றுக்கிழமை சட்டையில் வந்தான். கார்ல்டன் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார். நோரீன் குழம்பு ஊற்றினாள். எஃபுவா தக்காளியில் வேகவைத்த ஜொலோஃப் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, அவனிடம் அளவாகப் பேசினாள். அவள் மனசு இன்னும் ஆறவில்லை. ஆட்டம் தூங்கி வழிந்தது. ரீஸ் இரண்டு தடவை கொட்டாவியை அடக்கினான்.

இரைச்சல் வந்தது. ஜன்னல் அதிர்ந்தது. அறை முழுக்கப் பேச்சு நின்றது.

"கோலா?" என்றான் ரீஸ்.

கக்ரா எழுந்து நின்று அவனை நீதிபதி மாதிரி பார்த்தாள். டிவியில் பந்து வலைக்குள் போனது, எல்லோரும் குதித்தார்கள், அது முடிந்ததும் அவள் சமையலறையிலிருந்து ரப்பர் கையுறையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். அவனுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அன்றைக்கு எல்லோரும் ஏன் ஊமையாகத் தலையாட்டினார்கள் என்பதும் புரிந்தது. காது மடல் சிவக்கச் சிரித்துவிட்டு எழுந்து போனான்.

அவன் பானையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மேட்ச் முடிந்து எஃபுவா டூட்டி உடையில் வந்தாள். பான்யினின் இன்ஹேலரை ஜன்னல் திட்டில் அதற்கென்று இருந்த கிண்ணத்தில் போட்டாள். அங்கே ஏற்கெனவே இரண்டு சின்னப் பல் துலக்கும் பிரஷ் இருந்தது. மதியம் எத்தனை தடவை இருமினாள் என்று நோரீனிடம் சொன்னாள், நோரீன் ராத்திரி எப்போது எழுப்பி மருந்து கொடுக்க வேண்டும் என்று திருப்பிச் சொன்னாள். பிள்ளைகள் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடுவித்துக்கொண்டார்கள். யாரும் அழவில்லை, யாருக்கும் எதையும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. ரீஸ் ஈரக் கையோடு நின்று பார்த்தான்.

"இது எவ்வளவு நாளா நடக்குது?" என்று கேட்டான்.

"அவங்க நடக்கப் பழகுறதுக்கு முன்னாடியிருந்து," என்றாள் எஃபுவா. "இவங்க இல்லன்னா நான் நர்ஸே இல்ல."

வாசலில் நின்று நோரீனின் தோளைத் தொட்டுவிட்டுத்தான் போனாள். அந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை. நோரீன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பானையின் அடியில் இன்னும் கறுப்பு இருக்கிறது என்று ரீஸை அதட்டினாள்.

பிறகு காத்திருப்பு. ரீஸ் எழுதி அனுப்பினான். மேலே இருந்தவர்கள் திருப்பி அனுப்பினார்கள். நோய் உள்ள குழந்தை, அம்மாவுக்கு ராத்திரி வேலை, குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் எதிர் வீட்டில் இருந்தால்தான் அந்த வேலை நிலைக்கும் என்று அவன் மறுபடி எழுதினான். குளிர்காலம் வந்தது. ஹோல்கம் கட்டடத்தில் ஒவ்வொரு வீடாகக் காலியானது. காலியான கதவுகளில் தகரம் அடித்தார்கள். ஐந்தாவது மாடியில் யாருமே இல்லை. லிஃப்டை யாரும் பழுதுபார்க்கவில்லை. எஃபுவா சில நாள் பகல் வேலைக்கு மாறிவிடலாமா என்று கணக்குப் போடுவாள், வாடகையை நினைத்து விட்டுவிடுவாள். நோரீன் தூக்கத்தில்கூடத் தலையை ஆட்டுகிறாளோ என்னவோ, காலையில் கழுத்து வலிக்கிறது என்பாள்.

மைதானத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் மஞ்சள் பூக்கள் வந்த சமயத்தில் பதில் வந்தது. மைதானத்துக்குப் பக்கத்திலேயே எழும்பிய புதுக் கட்டடத்தின் நான்காவது மாடியில் இரண்டு கதவுகள், நேருக்கு நேர். ஒன்று இரண்டு படுக்கையறை, இன்னொன்று ஒரு படுக்கையறை. கார்ல்டனுக்கு முட்டி வலியை முன்னிட்டு அதே கட்டடத்தில் தரைத்தளம். என்னை ஏன் பிரித்தார்கள் என்று அவர் ஒரு வாரம் பொருமினார். லிஃப்ட் வேலை செய்கிறது என்று தெரிந்ததும் அமைதியானார்.

ஆகஸ்டில் குடிபோனார்கள். எஃபுவா வீட்டுச் சுவர் வெள்ளையாக, காய்ந்து இருந்தது. பான்யின் சுவரில் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தாள். எஃபுவாவுக்கு ராத்திரி டூட்டி இருந்தால் நோரீன் தன் தலையணையை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வாள். பழைய ஏற்பாடுதான், நடப்பவள் மட்டும் மாறிவிட்டாள். ஒரு குறை. புது வீட்டு ஜன்னல் மூன்று கண்ணாடி போட்டது. முதல் மேட்ச் அன்று எல்லோரும் நோரீன் வீட்டில் உட்கார்ந்திருக்க, டிவியில் திடீரென்று கோல் விழுந்தது. யாருக்கும் முன்னாலேயே தெரியவில்லை.

"என்னய்யா வீடு இது?" என்றார் கார்ல்டன், அவமானப்பட்டவர் போல.

நோரீன் எழுந்து ஜன்னலைத் தள்ளினாள். பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாது என்று ஒரு சாண் அளவுக்குத்தான் திறக்கும்படி வைத்திருந்தார்கள். அந்த ஒரு சாண் வழியாகத் தெருச் சத்தமும் வெங்காயம் வதங்குகிற வாசனையும் பாட்டும் உள்ளே வந்தன. மூன்று பூட்ஸில் ஒன்றைக் கார்ல்டன் கீழே கொண்டுபோயிருந்தார். மற்ற இரண்டும் இரண்டு கதவிலும் முட்டுக்கொடுத்து நின்றன.

இரண்டாம் பாதி ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் திறந்த கதவில் ரீஸ் வந்து நின்றான். கூட ஒரு புதுப் பெண், கையில் எழுதும் அட்டை. குடிவந்தவர்களுக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று விசாரிக்க வந்தவர்கள். மேட்ச் நாள் என்று ரீஸ் சொல்லியிருக்க வேண்டும், சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் ஜன்னல் வழியாக இரைச்சல் பாய்ந்து வந்தது. அவன் வாயை இறுக மூடிக்கொண்டான்.

அந்தப் பெண்ணுக்குச் சட்டம் தெரியாது. அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவங்க எல்லாரும் இந்த வீட்டுலதான் இருக்காங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

யாரும் அசையவில்லை. டிவியில் பந்து இன்னும் நடு மைதானத்தைத் தாண்டவில்லை. அந்தப் பெண் பேனாவை எடுத்தாள். நோரீனின் தலை பழக்கத்தில் கீழே இறங்க ஆரம்பித்தது, பாதியில் நின்றது. அவள் எஃபுவாவைப் பார்த்தாள்.

"இல்லம்மா. இந்த வீட்டுல நான் ஒருத்திதான்," என்றாள் உரக்க. "இவளும் பிள்ளைங்களும் எதிர் வீடு. அது அவங்க வீடு. இந்த ஆளு கீழ் வீடு. எழுதிட்டியா? நான் சொன்னத அப்படியே எழுது."

டிவியில் கோல் விழுந்தது. ஒருவரும் டிவியைப் பார்க்கவில்லை. டெஸ்ஸி போன பிறகு நோரீன் தன் சட்டத்தை மீறியது இதுதான் முதல் தடவை. எஃபுவா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கக்ரா எழுந்து போய் ரப்பர் கையுறையைக் கொண்டுவந்தாள். மன்னிப்பெல்லாம் அவளிடம் கிடையாது.

அன்று குழம்பு நன்றாகவே அடிப்பிடித்திருந்தது. நோரீன் தொட்டி முன்னால் நின்று பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது ரீஸ் துடைக்கும் துணியோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"நீ போய் உக்காருப்பா," என்றாள் நோரீன். "இது என் பாத்திரம்."